மங்கோலியா டு கரைவெட்டி... டிக்கெட் இல்லாமல்!

அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தில் கிரிஸ்டல் ரிவர் என்று ஓர் ஊர். நமக்கு மார்கழி, தை நடக்கும்போது அங்கே போனால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். உரச் சாக்கில் தவிட்டை அடைத்து, நாலு பக்கமும் தைத்து, தண்ணீரில் தள்ளிவிட்டது போல ஒரு பிராணி. சாம்பல் நிறம். எடை சுமாராக 450 கிலோ. பெயர் மேனட்டி. கடல் பசு வகை. கொம்பு, கோரைப்பல், கோபம் எதுவும் கிடையாது. நாள் பூராவும் இரண்டே வேலை. புல் தின்பது, தூங்குவது. (நம் ஆபீஸில் இந்த இரண்டாவது வேலையை மட்டும் செய்தே சீனியாரிட்டி வாங்கியவர்கள் உண்டு.)

இவ்வளவு பெரிய உடம்புக்குக் குளிர் மட்டும் ஆகாது. தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போய் அப்படியே சில நாள் இருந்தால் ஆள் காலி. கிரிஸ்டல் ரிவரில் பூமிக்கு அடியிலிருந்து வருகிற ஊற்று, வருஷம் பூராவும் 22 டிகிரியிலேயே நிற்கும். எனவே பனிக்காலம் வந்தால் கடலை விட்டுவிட்டுக் கூட்டம் கூட்டமாக ஊற்றுக்குள் வந்து ஒதுங்கிக்கொள்கின்றன. 1983லேயே அந்த இடத்தைச் சரணாலயம் ஆக்கிவிட்டார்கள். ஜனங்கள் எங்கெங்கிருந்தோ காரோட்டி வந்து, காசு கொடுத்து, க்யூவில் நின்று பார்க்கிறார்கள். துரத்தக் கூடாது, தொல்லை தரக் கூடாது, கத்தக் கூடாது. எல்லோரும் கப்சிப்.

இந்த வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கும். எங்கள் செந்துறையில் ஒரு டீக்கடையில் இது கை மாறிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் பெருமூச்சு விட்டார். "ஹூம்... நம்ம பக்கம் என்ன மாப்ளே இருக்கு? சிமெண்ட் லாரிதான் வரிசையா நிக்குது!"

கடல் பசு விஷயத்தில் அவர் சொன்னது வாஸ்தவம்தான். ஆனால் எங்கள் ஊருக்கும் ஒரு காலத்தில் கடல் இருந்தது. சும்மா சொல்லவில்லை. செந்துறைக்குப் பக்கத்தில் இருக்கிற நின்னியூர் பெயரிலேயே புவியியல்காரர்கள் ஒரு கடல் பாறை அடுக்கை வைத்திருக்கிறார்கள். அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிளிஞ்சலும் நத்தையும் கல்லாகிக் கிடப்பதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வருகிறார்கள். விஷயம் என்னவென்றால், அந்தக் கடல் ஆறு கோடி வருஷத்துக்கு முன்பே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. கடல் பசு என்ற ஜாதியே உலகத்தில் தோன்றியது அதற்குப் பிறகு, சுமார் ஐந்து கோடி வருஷத்துக்கு முன்பு. ஒரு கோடி வருஷத்தில் பஸ்ஸைக் கோட்டைவிட்டுவிட்டோம்!

மேனட்டியின் ஒன்றுவிட்ட தம்பி ஆவுளியா, இப்போதும் நம் பாக் நீரிணையில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரம் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறது தமிழக அரசு. ஆனால் அது சங்கோஜப் பேர்வழி. மூச்சு விட மூக்கை ஒரு கணம் மேலே நீட்டிவிட்டு மறுபடி போய்விடும். கரையில் நின்று பார்த்துவிடலாம் என்று மல்லிப்பட்டினத்துக்கு பஸ் ஏறினால் கருவாடு வாங்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

பனிக்காலத்தில் வருகிற விருந்தாளியைத்தான் பார்க்க வேண்டும் என்றால் அவ்வளவு தூரம் எதற்கு? அரியலூர் மாவட்டத்துக்குள்ளேயே கரைவெட்டி இருக்கிறது. அங்கே வருகிறவர் நீந்தி வரவில்லை. இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிறார். பெருமூச்சு விட்ட நண்பர் இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் கூட அங்கே போனதில்லை.

செந்துறையிலிருந்து அரியலூர். அங்கிருந்து தஞ்சாவூர் ரோட்டில் கீழப்பழுவூர். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இந்த இடத்தில் லேசாக மயிர்க்கூச்செரியும். பழுவேட்டரையர்களின் பழுவூர் இதுதான். அந்தப் பக்கம் வழி கேட்டு உள்ளே திரும்பி வயல்களுக்கு நடுவே போனால், திடீரென்று ஒரு நீளக் கரை. அதன்மேல் ஏறி நின்றால், அடேயப்பா! 453 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் சொன்னால்தான் நமக்குப் புரியும்: 1,120 ஏக்கர் தண்ணீர். பைக்கில் செந்துறையிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வேட்டக்குடி-கரைவெட்டி என்று சேர்த்தும் சொல்வார்கள். இதை சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் என்று பேப்பரில் வருமே, அது அந்த வேட்டங்குடி.

கரைவெட்டியைச் சரணாலயம் என்று அறிவித்தது 1999ல். அப்போது இது பெரம்பலூர் மாவட்டம். 2001ல் அரியலூர் தனி மாவட்டமானது. 2002ல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007ல் மறுபடி பிரிந்தது. இத்தனை அமளியிலும் பறவைகள் மட்டும் அட்ரஸை மாற்றிக்கொள்ளாமல் வருஷா வருஷம் சரியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. 2024 ஜனவரியில் இந்த ஏரிக்கு 'ராம்சார்' அந்தஸ்து கிடைத்தது. யாரோ ராம் சார் என்கிற அதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்து கையெழுத்துப் போட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். ராம்சார் என்பது ஈரான் தேசத்தில் ஓர் ஊர். நீர்நிலைகளைக் காப்பாற்ற 1971ல் பல நாடுகள் அங்கே கூடி ஒப்பந்தம் போட்டன. வேடந்தாங்கல், கூந்தன்குளம், பள்ளிக்கரணை எல்லாம் 2022ல் வாங்கிய அதே பட்டயத்தை இப்போது நம் கரைவெட்டியும் வாங்கிவிட்டது. 198 வகைப் பறவைகளை இங்கே பதிவு செய்திருக்கிறார்கள்.

அத்தனையிலும் வி.ஐ.பி. ஒருவர்தான். பட்டைத்தலை வாத்து. வெள்ளைத் தலை, அதன் பின்பக்கம் கறுப்பாக இரண்டு பட்டை. விபூதி பூசுகிறவர் அவசரத்தில் மை எடுத்துப் பூசிக்கொண்டு, மூன்றாவது பட்டைக்குள் பஸ் வந்துவிட்டது போல இருக்கும். எடை இரண்டிலிருந்து மூன்று கிலோ. கோடையில் மங்கோலியா, திபெத் பக்கத்து ஏரிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பார். அங்கே தண்ணீர் உறைய ஆரம்பித்ததும் குடும்பத்தோடு தெற்கே கிளம்பிவிடுவார்.

நடுவில் இமயமலை குறுக்கே நிற்கிறதே, அதுதான் சமாசாரம். 5,500 மீட்டர் உயரத்தில் காற்று பாதியாகக் குறைந்துவிடும். நாமெல்லாம் அங்கே நின்று ஷூ லேஸ் கட்டினாலே மூச்சு வாங்கும். இவர் அதற்கும் மேலே இறக்கை அடிக்கிறார். முதுகில் சின்னக் கருவியைக் கட்டிவிட்டு சாட்டிலைட் மூலம் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒரு வாத்து 7 ஆயிரம் மீட்டருக்கும் மேலே போனது பதிவாகியிருக்கிறது. எவரெஸ்ட் உச்சியையே தாண்டிப் பறக்கும் என்று ரொம்ப நாளாக ஒரு பேச்சு உண்டு. ஆராய்ச்சியில் தெரிந்தது வேறு. அநாவசியமாக உயரம் போவதில்லை. மலை ஏறினால் ஏறுகிறார், பள்ளத்தாக்கு வந்தால் இறங்கிவிடுகிறார். ஏறிய உயரத்தை விட்டுக்கொடுப்பது நஷ்டம் என்று பி.காம். படித்த நமக்குத் தோன்றும். ஆனால் மேலே காற்று மெலிசு, இறக்கை அடிக்கிற செலவு அதிகம். இறங்கி ஏறுவதுதான் அவருக்குக் கட்டுப்படியாகிறது. அதோடு ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் அதிகம் பறக்கிறார். குளிர்ந்த காற்று அடர்த்தியாக இருக்கும், தூக்கிக் கொடுக்கும். அவருடைய ரத்தமும் ஸ்பெஷல். கொஞ்சமே கொஞ்சம் பிராணவாயு இருந்தாலும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மங்கோலியாவில் கழுத்தில் எண்ணும் எழுத்தும் போட்ட பட்டை மாட்டி அனுப்பிய வாத்துகளைத் தென்னிந்திய ஏரிகளில் பார்த்திருக்கிறார்கள். கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு அலைவது நாம் மட்டும் என்று வருத்தப்பட வேண்டாம்.

இந்த இடத்தில் நம் பத்திரிகை நிருபர்கள் மேல் எனக்கு ஒரு செல்லக் கோபம். வருஷம் தவறாமல் எழுதுகிறார்கள்: 'சைபீரியா, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வெளிநாட்டுப் பறவைகள் மரங்களில் கூடு கட்டி முட்டையிட்டுள்ளன.' ஆஸ்திரேலியாவிலிருந்து யாரும் வரவில்லை. அப்படி வருகிறவர்கள் கிரிக்கெட் ஆடத்தான் வருகிறார்கள். மரத்தில் கூடு கட்டுகிற கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் நம் தேசத்துப் பறவைகள்தான். வடக்கேயிருந்து வருகிற பட்டைத்தலை வாத்து, ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம் இங்கே குடித்தனம் நடத்துவதில்லை. சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டு கிளம்பிவிடும். பிரசவம் எல்லாம் பிறந்த வீட்டில்தான்.

பள்ளிக்கூடத்தில் சத்திமுத்தப் புலவரைப் படித்திருப்பீர்கள். மதுரையில் குளிரில் போர்த்திக்கொள்ளத் துணியில்லாமல் ஒடுங்கிக் கிடந்தவர், வானத்தில் போகிற செங்கால் நாரையைக் கூப்பிட்டு ஊரில் இருக்கும் பெண்டாட்டிக்குச் சேதி சொல்லி அனுப்பினாரே, அவர்தான். நாரை தெற்கே குமரி வரை போய்விட்டு வடக்கே திரும்பும் என்ற டைம்டேபிள் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவருடைய சத்திமுத்தம் கும்பகோணத்துக்குப் பக்கம். கரைவெட்டியிலிருந்து நாரைக்கு ஒரு மூச்சில் போகிற தூரம்.

காலை ஆறரை மணிக்குக் கரையில் இருங்கள். எட்டு மணிக்குப் போய் "ஒண்ணும் காணோமே" என்பவர்கள்தான் அதிகம். பைனாகுலர் இருந்தால் பேஷ். இல்லாவிட்டால் வாட்ச் டவரில் ஏறிக்கொள்ளலாம். முதலில் கண்ணில் படுவது கறுப்பு உடம்பும் வெள்ளை நெற்றியுமாகக் கும்பல் கும்பலாக மிதக்கிற நாமக்கோழி. கிளார்க் கேடர். எண்ணிக்கையில் இவர்கள்தான் எப்போதும் மெஜாரிட்டி. நீர்க்காகம் கட்டையின்மேல் நின்று இரண்டு இறக்கையையும் விரித்து, கொடியில் வேட்டி காயப்போட்ட மாதிரி காயவைத்துக்கொண்டிருக்கும். தட்டைவாயன் தலையைத் தண்ணீரில் வைத்தபடியே நேராகப் போகும், டீ வடிகட்டி மாதிரி தண்ணீரை வடித்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் சாப்பிடும். ஊசிவால் வாத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதன் பின்பக்கத்தைத்தான் பார்க்க முடியும். தலையைக் கீழே விட்டு அடிச் சேற்றைத் துழாவிக்கொண்டிருக்கும். பட்டைத்தலையார் பகலில் ஏரியின் நடுவே, யாரும் கிட்டே வர முடியாத இடமாகப் பார்த்து ஓய்வெடுப்பார். சாப்பாட்டு நேரம் ராத்திரிதான்.

திடீரென்று ஏரி பூராவும் ஒரு பரபரப்பு. நாமக்கோழிகள் எல்லாம் இறக்கை உரச ஒன்றாகக் கூடிவிடும். வாத்துகள் ஒரே சத்தத்தோடு எழும்பும். மேலே பாருங்கள். சேற்றுப்பூனைப் பருந்து தாழப் பறந்து வந்துகொண்டிருக்கும். ஆடிட் பார்ட்டி! யார் நொண்டி, யார் பலவீனம் என்று பார்த்துக்கொண்டே ஒரு ரவுண்டு. போனதும் மறுபடி எல்லோரும் அவரவர் சீட்டில்.

இதை எல்லாம் ரசித்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் கரைவெட்டி பார்க் இல்லை. வேடிக்கைக்காக வெட்டிய குளமும் இல்லை. விவசாயத்துக்கான ஏரி. நெல், கரும்பு, பருத்தி, மக்காச்சோளம், துவரை எல்லாம் இதை நம்பித்தான். எனவே இதன் கணக்கைப் பார்த்தால்தான் வாத்தின் கணக்கு புரியும்.

வரவுப் பக்கம்: மேட்டூர் திறந்து, காவிரியில் வந்து, வாத்தலையில் பிரிந்து புள்ளம்பாடி வாய்க்காலில் ஓடி வருகிற தண்ணீர். முறைப்படி ஆகஸ்ட் 1ந் தேதியிலிருந்து டிசம்பர் 15 வரை 137 நாள். கூடவே ஐப்பசி, கார்த்திகை மழை. செலவுப் பக்கம்: மதகு வழியாக வயலுக்குப் போவது, வெயில் குடிப்பது. மிச்சம்தான் பறவைக்கு. இதில் ஓர் அதிசயம் பாருங்கள். ஏரி நிரம்பி வழிந்தால் வாத்துக்குக் கொண்டாட்டம், ஆனால் நாரைக்கும் உள்ளானுக்கும் கால் வைக்க இடம் கிடையாது. விவசாயி மதகைத் திறந்து தண்ணீர் எடுக்க எடுக்க, ஓரத்தில் சேறு வெளியே வரும். முழங்கால் ஆழத்தில் ஒரு கூட்டம், கணுக்கால் ஆழத்தில் ஒரு கூட்டம் என்று ஒவ்வொருவருக்கும் இலை போட்டாகிவிடும். பயிருக்கு எடுத்ததனால்தான் பந்தி விரிகிறது. விவசாயியை வெளியேற்றிவிட்டுப் பறவையைக் காப்பாற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரை ஏரியிலேயே ஒரு முக்கு முக்கி எடுக்கலாம்.

ஆனால் வரவு உறுதியாக இல்லையே! மேட்டூரை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. 2022ல் மே 24லேயே திறந்தார்கள். 2024ல் ஜூலை 28 ஆகிவிட்டது. 2016ல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம் என்று அறிவித்தார்களே, அந்த மாதிரி வருஷத்தில் மங்கோலியாவிலிருந்து கிளம்புகிறவருக்கு யார் போன் போட்டுச் சொல்வது? வந்து வட்டமடித்துப் பார்க்கும், தண்ணீர் இல்லையென்றால் வேறு ஏரி தேடிப் போகும். ஏரியாக இருந்ததெல்லாம் பஸ் ஸ்டாண்டாகவும் பிளாட்டாகவும் ஆகிவிட்ட நாட்டில் அந்த 'வேறு ஏரி'க்கும் பஞ்சம்தான்.

தண்ணீர் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கும் கடல் பசுவிடமே உதாரணம் இருக்கிறது. 2021ல் ஃப்ளோரிடாவில் 1,100 மேனட்டிகள் செத்துப் போயின. பெரும்பாலானவை குளிரில் அல்ல, பட்டினியில். வீட்டுக் கழிவும் உரமும் கலந்து தண்ணீர் கலங்கி, வெளிச்சம் போகாமல் கடற்புல் அழிந்துவிட்டது. பனிக்கு ஒதுங்க வெந்நீர் இருந்தது, தின்னப் புல் இல்லை. கடைசியில் லெட்டூஸ் கீரையைப் பெட்டி பெட்டியாக வாங்கித் தண்ணீரில் கொட்டினார்கள். உலகத்திலேயே பணக்கார தேசத்தில் கடல் பசுவுக்குக் கஞ்சித்தொட்டி! நம் வாய்க்கால்களிலும் உரமும் பூச்சிமருந்தும் வந்து சேர்கிற இடம் ஏரிதான் என்பது நினைவுக்கு வந்தால் லெட்டூஸ் சாலட் தொண்டையில் இறங்காது.

வயல்காரர் பக்கமும் கேட்க வேண்டும் அல்லவா? கரையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "வாத்து வந்துச்சுன்னா ஏரியில தண்ணி நிக்குதுன்னு அர்த்தம் தம்பி. தண்ணி நின்னா எனக்கு நெல்லு. அது ரெண்டு வாய் தின்னுட்டுப் போவுது, போவட்டும்" என்றார். பக்கத்திலிருந்த இளவட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. "உங்களுக்கு என்னா, சொந்த நெலம். நான் குத்தகைக்கு ஓட்டுறேன். ராத்திரி நூறு உருப்படி எறங்குனா வரப்போரம் காலி. யாரு குடுக்குறது?" பெரியவர் பதில் சொல்லாமல் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். என்னிடமும் பதில் இல்லை. பறவை எச்சம் கலந்த தண்ணீர் நல்ல உரம் என்று வேடந்தாங்கல் விவசாயிகள் சொல்வதைச் சொல்லிப் பார்த்தேன். "எச்சத்துக்கு கமிட்டியில வெல போட மாட்டாங்களே சார்" என்றான் அந்தத் தம்பி. அவன் கேள்வி நியாயமானது. விருந்தாளி வந்தது ஊருக்கே பெருமை என்கிறோம். சாப்பாட்டு பில் மட்டும் ஒரே ஒருவன் மேஜைக்குப் போகிறது.

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. பளபளா மஞ்சள் சட்டை வேண்டாம். காக்கியோ, சாயம் போன பச்சையோ போதும். பைக்கைக் கரைமேல் ஏற்றி ஹாரன் அடிக்காதீர்கள். வாத்து பறக்கிற மாதிரி ரீல்ஸ் வேண்டும் என்று கல்லெறிகிற மகானுபாவர்களை நேரிலேயே பார்த்தேன். 7 ஆயிரம் மீட்டர் ஏறி இறங்கி வந்தவரை இன்னும் ஒருமுறை எழுப்பிப் பறக்கவிட்டு என்ன சாதிக்கப் போகிறோம்? அது சேர்த்து வைக்கிற ஒவ்வொரு கிராம் கொழுப்பும் திரும்பிப் போகிற டிக்கெட் காசு. சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பிளாஸ்டிக்கைக் கையோடு திரும்பக் கொண்டுவாருங்கள். வனத்துறை வருஷா வருஷம் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. கல்லூரிப் பையன்களையும் ஆர்வமுள்ளவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆபீஸில் ஸ்டாக் எடுக்கிற நமக்கு அந்த வேலை தண்ணீர் பட்ட பாடு. இந்த ஸ்டாக் மட்டும் எண்ணி முடிப்பதற்குள் பறந்துவிடும், அவ்வளவுதான்.

முடிந்தால் சாயங்காலம் வரை இருங்கள். பொழுது சாய்கிற நேரத்தில் ஏரி நடுவிலிருந்து 'ஆங்... ஆங்...' என்று மூக்கால் ஒரு குரல் வரும். அப்புறம் இன்னொன்று. பட்டைத்தலைகள் எழும்பி, ஆங்கில 'வி' எழுத்து போல வரிசை கட்டி, தலைக்கு மேலே வயலைப் பார்த்துப் போகும். கொஞ்ச நேரத்தில் தூரத்தில் யாரோ தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம் கேட்கும். அந்தக் குத்தகைத் தம்பியாகவும் இருக்கலாம்.

நவம்பரில் வர ஆரம்பிப்பவர்கள் மார்ச் பிறந்ததும் மூட்டை கட்டிவிடுவார்கள். நமக்கு மார்ச் என்றால் இயர் எண்டிங். ஞாயிற்றுக்கிழமை கூட லீவு கேட்க முடியாது. ஜனவரிக்குள் போய்விடுங்கள்.